ஃப்ளூ வந்த உடம்பில் பாக்டீரியா எப்படி ஒட்டிக்கொள்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை என்று சொன்னால் போதும், சளி, காய்ச்சல், ஆன்டிபயாட்டிக் பற்றிய சந்தேகங்கள் வரிசை கட்டி வந்துவிடும். கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதிலும் முக்கால்வாசி, "வைரஸ் காய்ச்சல்னுதானே சொன்னாங்க, அப்புறம் எப்படி அது பாக்டீரியா நிமோனியா ஆச்சு?" என்பதைச் சுற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதிலையும் எழுதி வைத்துவிட்டேன். எளிய கேள்விகள் மேலே, சிக்கலானவை கீழே. மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும், இந்தப் பக்கம் அதற்கு இல்லை.

வைரஸ், பாக்டீரியா ரெண்டுமே கிருமிதானே, என்ன பெரிய வித்தியாசம்?

பாக்டீரியா தனக்கென்று சுவர், உணவு செரிக்கும் ஏற்பாடு, புரதம் தயாரிக்கும் ஏற்பாடு எல்லாம் வைத்திருக்கும் முழு உயிரணு. ஃப்ளூ வைரஸ் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அகலம்தான் இருக்கும், நம் செல்லுக்குள் புகுந்தால் தவிர அதனால் பெருக முடியாது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பெரும்பாலும் பாக்டீரியாவின் சுவரையோ புரதத் தயாரிப்பையோ தாக்குகின்றன. வைரஸிடம் இந்த இரண்டும் இல்லாததால் அந்த மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

இந்தப் பக்கத்துக்குத் தேவையான வித்தியாசம் இன்னொன்று. வைரஸ் செல்லின் உள்ளே போயாக வேண்டும். நாம் பேசப்போகிற பாக்டீரியாக்களுக்குச் செல்லின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாலே முதல் காரியம் முடிந்தது.

ஃப்ளூ வந்தவருக்கு அந்தப் பாக்டீரியா எங்கேயிருந்து வருது? பக்கத்துல யாராவது தொத்த வைக்கிறாங்களா?

பெரும்பாலும் அவர் மூக்கிலேயே ஏற்கெனவே இருந்ததுதான். நிமோனியாவுக்குப் பேர்போன நிமோகாக்கஸ், சின்னப் பிள்ளைகளின் மூக்கின் பின்பகுதியில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் சகஜமாக இருக்கும். தமிழ்நாட்டுக் கிராமப்புறக் கைக்குழந்தைகளிடம் எடுத்த ஆய்விலேயே ஆறு மாத வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அது இருந்தது. பெரியவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர் மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸை வைத்துக்கொண்டு நன்றாகவே நடமாடுகிறார்கள். பேரப்பிள்ளையிடமிருந்து தாத்தாவுக்குப் புதிதாகத் தொற்றுவதும் உண்டு, ஆனால் அப்படித் தொற்றித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

பறவை எச்சத்தில் ஆலம் விதை தினமும்தான் வீட்டுச் சுவரில் விழுகிறது, பூச்சு உதிர்ந்து விரிசல் விட்ட இடத்தில் மட்டும்தான் அது வேர் பிடிக்கிறது. வைரஸ் விதையைக் கொண்டுவருவதில்லை, பூச்சை உதிர்க்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இதன் விவரம்தான்.

ஒட்டிக்கிறதுன்னா எப்படி, பசை மாதிரியா?

பசை இல்லை. பாக்டீரியாவின் மேற்பரப்பில் சில மூலக்கூறுகள் நீட்டிக்கொண்டிருக்கும், அட்ஹெசின் என்று பெயர். நம் செல்லின் மேல் அதற்குப் பொருந்துகிற இன்னொரு மூலக்கூறு இருக்கும், அது ரிசப்டர். இரண்டும் பொருந்தினால் பிடி விழும். சில பாக்டீரியாக்களுக்கு இதற்கென்றே மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன. ஒரு பாக்டீரியா ஒரே பிடியை நம்பி இருப்பதில்லை, நிமோகாக்கஸிடம் மட்டுமே பல வகை அட்ஹெசின்கள் உண்டு.

எதற்கு இத்தனை ஏற்பாடு என்றால், மூச்சுக்குழாயில் சும்மா உட்கார்ந்திருக்க விடமாட்டார்கள். உட்சுவர் முழுக்க நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல் அடித்து, மேலே இருக்கிற சளிப்படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தொண்டைக்கு வந்ததை நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். பிடி கிடைக்காத பாக்டீரியா அதோடு வயிற்றுக்குப் போய்ச் செத்துப்போகும்.

அப்ப நல்லா இருக்கிறப்ப ஏன் நுரையீரல் வரைக்கும் போய் ஒட்டறதில்ல?

மூக்கில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்கிறது, கீழேதான் முடிவதில்லை. பாக்டீரியாவுக்குப் பிடித்த ரிசப்டர்கள் பல, சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையால் மூடப்பட்டிருக்கும். சில ரிசப்டர்கள் சாதாரண நாளில் செல்லின் மேல் மிகக் குறைவாகத்தான் இருக்கும். இன்னும் சில, செல் வரிசைக்கு அடியில் இருப்பவை, மேலே இருக்கிற செல் போனால்தான் தெரியும். இதையெல்லாம் தாண்டி நாலைந்து பாக்டீரியா கீழே இறங்கினாலும் காற்றறைகளில் ரோந்து சுற்றுகிற மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கிவிடும்.

வைரஸ் வந்ததும் என்னதான் மாறுது?

ஃப்ளூவை வைத்தே சொல்கிறேன், அதில்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஃப்ளூ வைரஸின் மேல் நியூராமினிடேஸ் என்ற நொதி இருக்கிறது. புதிதாகப் பிறந்த வைரஸ்கள் செல்லை விட்டுக் கழன்று போக, அந்த நொதி சியாலிக் அமிலத்தை வெட்டிவிடும். வைரஸ் தன் வேலைக்காக வெட்டுகிறது, ஆனால் வெட்டிய இடத்தில் மூடி போய்விடுகிறது, அடியில் இருந்த சர்க்கரைகள் வெளியே தெரிகின்றன, நிமோகாக்கஸ் வந்து பிடித்துக்கொள்கிறது. வெட்டி விழுந்த சியாலிக் அமிலமும் வீணாவதில்லை. நிமோகாக்கஸ் அதைச் சாப்பிட்டுப் பெருகுவதை 2014ல் எலிகளில் காட்டினார்கள். இடமும் கொடுத்துச் சோறும் போடுகிற கணக்கு.

அடுத்தது நம் உடம்பே செய்வது. தொற்று வந்ததும் செல்கள் அழற்சிச் சமிக்ஞைகளை விடுகின்றன, அதனால் செல்லின் மேல் சில ரிசப்டர்கள் கூடுகின்றன. இதில் பிரபலமானது பி.ஏ.எஃப். ரிசப்டர். ரத்தத் தட்டணுக்களைத் தூண்டும் ஒரு பொருளுக்காக உடம்பு வைத்திருக்கிற ரிசப்டர் அது. அந்தப் பொருளில் ஃபாஸ்ஃபோரில்கோலின் என்ற பகுதி உண்டு, நிமோகாக்கஸின் சுவரிலும் அதே பகுதி உண்டு. தூண்டப்பட்ட செல்களை நிமோகாக்கஸ் இந்த வழியில் பிடிக்கிறது என்று டுவோமானன் குழு 1995ல் எழுதியது. ஃப்ளூவின் நியூராமினிடேஸ் இன்னொரு பக்கம் டி.ஜி.எஃப். பீட்டா என்ற சமிக்ஞையை எழுப்பி, ஃபைப்ரோனெக்டின், இன்டெக்ரின் என்ற புரதங்களைச் செல்லின் மேல் கூட்டுகிறது என்பது 2015ல் வந்தது. சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளுக்கு அவைதான் பிடிமானம்.

மூன்றாவது பச்சையான சேதம். ஃப்ளூ வைரஸ் பெருகிய செல்கள் செத்து உதிர்கின்றன. செல் வரிசைக்கு அடியில் இருக்கிற அடித்தளச் சவ்வு திறந்துகொள்கிறது, அதில் இருக்கிற கொலாஜன், லாமினின், ஃபைப்ரோனெக்டின் எல்லாமே பாக்டீரியாவுக்குத் தெரிந்த பிடிகள். உதிர்ந்த செல்லோடு நுண்மயிரும் போய்விடுவதால் துடைத்துத் தள்ள ஆள் இல்லை. எலிகளில் அளந்து பார்த்தபோது ஃப்ளூவுக்குப் பிறகு மூச்சுக்குழாய் நிமோகாக்கஸை வெளியேற்றும் வேகம் நன்றாகவே குறைந்திருந்தது.

இதையெல்லாம் யாராவது நேர்ல பார்த்திருக்காங்களா, இல்ல வெறும் தியரியா?

பார்த்திருக்கிறார்கள், நாற்பது வருஷத்துக்கும் மேலாக. 1978ல் சான்ஃபோர்டும் அவருடன் வேலை செய்தவர்களும் ஃப்ளூ தொற்றிய வளர்ப்புச் செல்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒட்டுவதைக் காட்டினார்கள். 1980ல் ஃபைன்ஸ்டைன், மஷர், கேட் ஆகியோர் மனிதர்களிடமே போனார்கள். தன்னார்வலர்களுக்கு ஃப்ளூ வைரஸைக் கொடுத்து, அவர்கள் தொண்டையிலிருந்து எடுத்த செல்களோடு பாக்டீரியாவைக் கலந்து, செல்லுக்கு எத்தனை ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். தொற்று இருந்த நாட்களில் ஒட்டுவது கூடியது. எளிமையான சோதனை. எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் எலி, வளர்ப்புச் செல் என்ற தூரம் இல்லாமல் நோயாளியின் தொண்டைச் செல்லே பதில் சொல்கிறது.

1986ல் ஃப்ளூ வந்த எலிகளின் மூச்சுக்குழாயை ஆராய்ந்தவர்கள், செல் உதிர்ந்து அடித்தளச் சவ்வு தெரிகிற இடங்களில் நிமோகாக்கஸ் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். 2019ல் வந்தது இன்னும் விசித்திரமானது, அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

1918 ஃப்ளூல அத்தனை பேர் செத்தாங்களே, அது வைரஸாலயா பாக்டீரியாவாலயா?

இரண்டும் சேர்ந்து. மோரன்ஸ், டாபன்பெர்கர், ஃபௌச்சி ஆகிய மூவரும் 2008ல் 1918–19 காலத்துப் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை மொத்தமாக எடுத்துப் படித்தார்கள், 8,000க்கு மேற்பட்ட பரிசோதனைகள். பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் துண்டுகளையும் மைக்ரோஸ்கோப்பில் மறுபடி பார்த்தார்கள். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம், வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா என்பதே அவர்கள் முடிவு. நிமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் எல்லாம் அதில் இருந்தன. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் பேர் இறந்த தொற்று அது, அப்போது பென்சிலின் கிடையாது.

ஆன்டிபயாட்டிக் வந்த பிறகு கதை முடிந்ததா என்றால் இல்லை. 1957 ஃப்ளூவில் ஸ்டாஃபிலோகாக்கஸ் நிமோனியா பெரிதாகப் பேசப்பட்டது. 2009 பன்றிக் காய்ச்சலில் அமெரிக்காவில் இறந்த 77 பேரின் நுரையீரல் மாதிரிகளைப் பார்த்ததில் 22 பேருக்குப் பாக்டீரியாவும் சேர்ந்திருந்தது, அதில் 10 நிமோகாக்கஸ்.

ரிப்போர்ட்ல ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸான்னு போட்டிருக்கு. அப்ப எனக்கு ஃப்ளூவா?

இல்லை, அது பாக்டீரியா. 1892ல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் இதைக் கண்டு, ஃப்ளூவுக்குக் காரணமே இதுதான் என்று அறிவித்தார், பெயர் அப்படியே நின்றுவிட்டது. மனித ஃப்ளூ வைரஸ் 1933ல்தான் லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. ஃபைஃபர் பார்த்தது பொய் இல்லை. வைரஸ் பூச்சை உதிர்த்த தொண்டைகளில் இந்தப் பாக்டீரியா நிறையவே ஒட்டியிருந்திருக்கும், அவர் கண்ணுக்குத் தெரிந்ததும் அதுதான்.

காய்ச்சல் விட்டு ரெண்டு மூணு நாள் நல்லா இருந்தேன். திரும்ப அதைவிட மோசமா வந்துடுச்சு. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள் என்பதுதான். ஃப்ளூ குறைந்து, சில நாள் கழித்துக் காய்ச்சல் திரும்பி, சளி கூடி, நெஞ்சு வலித்து, மூச்சு வாங்கினால் அது பாக்டீரியா நிமோனியாவின் பழைய அடையாளம். எலிச் சோதனைகளிலும் ஃப்ளூ கொடுத்து ஏறக்குறைய ஏழாம் நாளில் நிமோகாக்கஸைக் கொடுத்தால்தான் விளைவு மிக மோசமாக இருந்தது. வைரஸ் குறைந்துகொண்டிருக்கும், ஆனால் உதிர்ந்த செல்கள் இன்னும் முளைத்திருக்காது, ரிசப்டர்கள் கூடியே இருக்கும். போதாததற்கு அந்தச் சமயத்தில் வைரஸை அடக்க வருகிற இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம், மேலே சொன்ன மேக்ரோஃபேஜ் செல்களின் விழுங்கும் திறனைக் குறைத்துவிடுகிறது.

குழந்தைகளுக்கு மூச்சை எண்ணிப் பாருங்கள், ஒரு நிமிடம் முழுசாக, அழாமல் இருக்கும்போது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி இரண்டு மாதத்துக்குக் கீழே 60ம் அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50ம் மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40ம் மேலும் இருந்தால் வேகமான மூச்சு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டுகூட இருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

சளி பச்சையா மாறினா பாக்டீரியா வந்துடுச்சுன்னு அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. பச்சை நிறம் வருவது நம் வெள்ளணுக்களில் இருக்கிற மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியிலிருந்து, அது இயல்பிலேயே பச்சை. வெள்ளணுக்கள் கூட்டமாக வந்தன என்பதற்குத்தான் அது சாட்சி, வைரஸ் சளியிலும் அவை வரும். நிறத்தை விடக் காய்ச்சலின் போக்கும் மூச்சு வேகமும்தான் பார்க்க வேண்டியவை, முந்தைய பதிலில் சொன்னபடி.

எல்லா வைரஸும் இதே வேலையைத்தான் செய்யுதா? சாதாரண ஜலதோஷம் கூடவா?

முடிவு ஒன்று, வழி வேறு வேறு. ஜலதோஷத்துக்குக் காரணமான ரைனோ வைரஸ் ஃப்ளூ போல செல்களைக் கொத்துக் கொத்தாக உதிர்ப்பதில்லை. ஆனால் தொற்றிய செல்லில் பி.ஏ.எஃப். ரிசப்டரும் ஐகேம்-1 என்ற மூலக்கூறும் கூடுகின்றன. பெரும்பாலான ரைனோ வைரஸ்கள் செல்லுக்குள் நுழையப் பிடிப்பதும் ஐகேம்-1ஐத்தான், ஹீமோஃபிலஸும் அதைப் பிடிக்கத் தெரிந்தது. கைக்குழந்தைகளைப் படுத்தும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் இன்னொரு வகை. தொற்றிய செல்லின் மேல் அது தன் ஜி புரதத்தை நீட்டி வைக்கிறது, பாக்டீரியா நேராக அந்தப் புரதத்தையே பிடித்துக்கொள்கிறது. அதாவது ரிசப்டரையே வைரஸ் கொண்டுவந்து வைக்கிறது.

ஜலதோஷத்தில் இதன் பலன் பெரும்பாலும் நுரையீரலில் தெரியாது, காதில் தெரியும். பிள்ளைக்குச் சளி பிடித்த சில நாளில் ராத்திரி காது வலியென்று அழுவது, மூக்கின் பின்பகுதியில் பெருகிய பாக்டீரியா காதுக்குப் போகும் குழாயில் ஏறியதால்தான் பல நேரம்.

அப்படின்னா முதல் நாளே ஒரு ஆன்டிபயாட்டிக் போட்டுக்கிட்டா பாக்டீரியா ஒட்டாதுல்ல?

நிறையப் பேர் மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்குவதன் பின்னால் இருக்கிற எண்ணம் இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆன்டிபயாட்டிக் பூச்சு உதிர்வதைத் தடுக்காது, ரிசப்டர் கூடுவதையும் தடுக்காது. செய்வதெல்லாம் மூக்கில் இருக்கிற பாக்டீரியாக் கூட்டத்தில் அந்த மருந்துக்குச் சாகக்கூடியவற்றைக் கொன்று, சாகாதவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுப்பதுதான். நிமோனியா வரவே போவதில்லை என்றால் மாத்திரை வீண், வரப்போகிறது என்றால் வருவது மருந்துக்கு மசியாத வகையாக இருக்கக்கூடும். பெரும்பாலான ஃப்ளூ பாக்டீரியா நிமோனியாவில் முடிவதில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நிமோனியா வந்தவருக்கு ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும் மருந்து, அதில் தாமதம் கூடாது. வராதவர் முன்கூட்டியே போட்டுக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கோவிட்ல எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்களே, அப்ப அது சரியா?

2020ல் லாங்ஃபோர்ட் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மருத்துவமனைக்கு வரும்போதே பாக்டீரியா சேர்ந்திருந்தவர்கள் 3.5 சதவீதம், பிறகு சேர்ந்தவர்கள் 14 சதவீதத்தை ஒட்டி. ஆன்டிபயாட்டிக் வாங்கியவர்கள் 70 சதவீதத்துக்கு மேல். கோவிட் வைரஸிடம் ஃப்ளூவின் நியூராமினிடேஸ் கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சேர்ந்த தொற்றுகளில் பல வென்டிலேட்டர் குழாய், நீண்ட நாள் ஐ.சி.யூ. வாசம் ஆகியவற்றோடு வந்தவை, அது வேறு வழி.

2021ல வந்த கருப்பு பூஞ்சையும் இதே கதைதானா?

பூஞ்சை பாக்டீரியா இல்லை, ஆனாலும் அதற்கும் ஒட்டுவதுதான் முதல் படி. நம் செல்லின் மேல் ஜி.ஆர்.பி.78 என்ற புரதத்தை அது பிடிக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையும் இரும்பும் கூடினால் அந்தப் புரதமும் கூடுகிறது. கட்டுப்படாத சர்க்கரை நோய், அளவுக்கு மீறிய ஸ்டீராய்டு, இரண்டும் சேர்ந்த இடத்தில் அது பரவியதில் ஆச்சரியம் இல்லை.

உப்புத் தண்ணி கொப்பளிச்சா, ஆவி பிடிச்சா ஒட்டினது கழன்டுடுமா?

கழலாது. கொப்பளிக்கும் தண்ணீர் தொண்டை வாசலைத் தாண்டிப் போவதில்லை, மூக்கின் பின்பகுதிக்கோ மூச்சுக்குழாய்க்கோ போவதே இல்லை. தொண்டை இதமாக இருக்கும், அதற்காகச் செய்யுங்கள். ஆவி சளியை இளக்கி மூக்கடைப்பைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளை மட்டும் கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிய வைக்காதீர்கள், சட்டி கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது புதிதல்ல.

ஒட்டுவதைக் குறைக்கிற உணவுப்பொருள் ஒன்று இருக்கிறது, சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று. நிமோகாக்கஸ் செல்லில் ஒட்டுவதை அது குறைப்பதை ஃபின்லாந்தில் காட்டினார்கள், பிள்ளைகளின் காதுத் தொற்றைக் குறைக்கவும் முயன்றார்கள். பலன் கிடைக்க ஒரு நாளைக்கு ஐந்து தடவை கொடுக்க வேண்டியிருந்தது. எந்த வீட்டில் நடக்கும்?

சிகரெட், அடுப்புப் புகைக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நேரடியாகவே. சிகரெட் புகை பட்ட மூச்சுக்குழாய்ச் செல்களில் மேலே சொன்ன பி.ஏ.எஃப். ரிசப்டர் கூடுகிறது, நிமோகாக்கஸ் அதிகம் ஒட்டுகிறது. நகரத்துக் காற்றில் மிதக்கும் நுண்துகளை வைத்துச் சோதித்தபோதும் அதேதான். வைரஸ் இல்லாமலே ரிசப்டர் கூடுகிறது என்றால், புகைப்பவருக்கு ஃப்ளூவும் வந்தால் எந்த நிலையில் இருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டாமிஃப்ளூ அந்த நொதியைத்தானே தடுக்குது? அப்ப பாக்டீரியாவும் ஒட்டாதே?

நல்ல கேள்வி, மருத்துவ மாணவர்கள்கூட எப்போதாவதுதான் கேட்கிறார்கள். டாமிஃப்ளூவில் இருக்கிற ஓசெல்டாமிவிர் நியூராமினிடேஸைத் தடுக்கும் மருந்து. மெக்கல்லர்ஸ் குழு எலிகளில் அதைக் கொடுத்தபோது, ஃப்ளூவுக்குப் பின் நிமோகாக்கஸால் சாவது குறைந்தது, தாமதமாகக் கொடுத்தும்கூட. மனிதர்களில் அதே அளவு பலன் உண்டா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். இன்னொரு சிக்கல், நிமோகாக்கஸிடமும் சொந்தமாக நியூராமினிடேஸ் இருக்கிறது.

ஊசி எதைத் தடுக்கும், வைரஸையா பாக்டீரியாவையா?

இரண்டுக்கும் தனித்தனி ஊசி, இரண்டுமே இந்தக் கூட்டை உடைக்கும். ஃப்ளூ தடுப்பூசி பூச்சு உதிர்வதைத் தடுக்கிறது. நிமோகாக்கஸ் ஊசி, உதிர்ந்தாலும் பிடிக்க வருகிற ஆளைக் குறைக்கிறது. இதற்குத் தெளிவான சாட்சி தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் நடந்த சோதனை. நிமோகாக்கஸ் ஊசி போட்ட குழந்தைகளிடம், வைரஸ் இருப்பது உறுதியான நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்வதே 31 சதவீதம் குறைந்தது என்று மாதியும் க்ளுக்மனும் 2004ல் எழுதினார்கள். பாக்டீரியாவுக்குப் போட்ட ஊசி 'வைரஸ் நிமோனியா'வைக் குறைக்கிறது என்றால், அந்த நிமோனியாக்களில் கணிசமானவை இரண்டும் சேர்ந்தவை என்றுதானே ஆகிறது.

இந்தியாவில் நிமோகாக்கஸ் ஊசி 2017ல் சில மாநிலங்களில் தொடங்கி 2021ல் நாடு முழுக்க அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் வந்தது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணை, அரசு மையங்களில் இலவசம். ஹீமோஃபிலஸின் பி வகைக்கான மருந்து பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது, அதை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும். காதுத் தொற்றில் வருகிற, உறையில்லாத ஹீமோஃபிலஸை அது தடுக்காது. பெரியவர்கள், குறிப்பாக 60 தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் இரண்டு ஊசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

ரிசப்டரைத்தானே பிடிக்குது? அதை மூடி வைக்கிற மருந்து ஒண்ணு கண்டுபிடிச்சா முடிஞ்சுதே?

முயன்றார்கள். பி.ஏ.எஃப். ரிசப்டரே இல்லாத எலிகளை உருவாக்கி ஃப்ளூவும் நிமோகாக்கஸும் கொடுத்தார்கள். ஒரு குழுவின் சோதனையில் கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்தது, இன்னொரு குழுவின் சோதனையில் ஃப்ளூவுக்குப் பின் நிமோனியா அப்படியே மோசமானது. ஒரு கதவைச் சாத்தினால், மேலே பார்த்த மற்ற வழிகள் திறந்தே கிடக்கின்றன. நிமோகாக்கஸ் அந்த ரிசப்டரை நேராகப் பிடிக்கிறதா, பக்கத்தில் வந்து நிற்கிறதா என்பதிலேயே பிற்பாடு கேள்வி எழுந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு அம்புக்குறி போட்டு முடித்துவிடுகிற விஷயம் ஆய்வகத்தில் இப்படித்தான் இருக்கும்.

வைரஸும் பாக்டீரியாவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமாமே, நிஜமா?

நிஜம். இதுதான் மேலே சொன்ன 2019 ஆய்வு, அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனைக் குழு செய்தது. ஃப்ளூ வைரஸ் துகள்கள் நிமோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவற்றின் மேற்பரப்பில் நேராகவே போய் ஒட்டின. அப்படி வைரஸ் ஒட்டிய பாக்டீரியா, செல்களில் இன்னும் நன்றாக ஒட்டியது. செல்லில் தொற்று பரவி, ரிசப்டர் கூடி, உதிர்ந்து என்று காத்திருக்க வேண்டியதில்லை, வைரஸே நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது.

வைரஸ்தான் எப்பவும் உதவுதா, பாக்டீரியா பதிலுக்கு ஒண்ணும் செய்யாதா?

செய்யும். ஃப்ளூ வைரஸின் ஹீமாக்ளுட்டினின் புரதத்தை ஒரு நொதி வெட்டிவிட்டால்தான் அந்த வைரஸால் தொற்ற முடியும். வழக்கமாக நம் மூச்சுக்குழாய் நொதிகளே வெட்டிவிடுகின்றன. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் சில ரகங்கள் விடுகிற நொதியும் அதே வெட்டைச் செய்யும் என்று 1987லேயே காட்டியிருக்கிறார்கள். அந்த ரகம் பக்கத்தில் இருந்தால் வைரஸ் இன்னும் வேகமாகப் பெருகும்.

காய்ச்சல் நல்லது, கிருமியைக் கொல்லும்னு சொல்றாங்களே?

பொதுவாகக் காய்ச்சல் உடம்பின் தற்காப்புதான். ஆனால் மூக்கில் நிமோகாக்கஸ் தனித்தனியாக இருப்பதில்லை, கூட்டமாகச் சேர்ந்து ஒரு படலமாகப் படிந்திருக்கும், அப்படி இருக்கும்வரை அமைதியாகத்தான் இருக்கும். 2013ல் ஹக்கான்சன் குழு அந்தப் படலத்தை ஃப்ளூ தொற்றிய செல்களின் மேல் வைத்தும், காய்ச்சல் அளவு வெப்பத்தில் வைத்தும் பார்த்தது. அடிபட்ட செல்கள் விடுகிற ஏ.டி.பி., உடம்பு விடுகிற நார்எபிநெஃப்ரின் என்ற ஹார்மோன் ஆகியவற்றையும் கொடுத்தது. எல்லாவற்றிலும் படலம் கலைந்து பாக்டீரியா கிளம்பியது. கிளம்பியவை படலத்தில் இருந்தவற்றைப் போலவும் இல்லை, எலிகளில் அதிக நோய் உண்டாக்கின. இதை வைத்து ஒவ்வொரு காய்ச்சலையும் பாராசிட்டமால் போட்டு அடக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அந்த ஆய்வு அதைச் சொல்லவில்லை.

அப்ப நல்லா ஒட்டுற ரகம்தான் ரொம்ப ஆபத்தானதா?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நிமோகாக்கஸுக்குச் சர்க்கரையால் ஆன ஒரு தடித்த உறை உண்டு. வெள்ளணு விழுங்காமல் காப்பது அந்த உறைதான், ஆனால் அதே உறை அட்ஹெசின்களையும் மூடிவிடுகிறது. உறை தடித்திருந்தால் ரத்தத்தில் பிழைக்கும், ஆனால் சரியாக ஒட்டாது. மெலிந்திருந்தால் நன்றாக ஒட்டும், ரத்தத்தில் போனால் மாட்டிக்கொள்ளும். ஒரே ரகத்துக்குள்ளேயே சில இப்படியும் சில அப்படியும் மாறிக்கொண்டே இருக்கும். ஆய்வகத் தட்டில் வளர்க்கும்போது ஒளி ஊடுருவும் புள்ளிகளாகத் தெரிகிறவை மூக்கில் ஒட்டிக் குடியிருக்கத் தோதானவை, மங்கலாகத் தெரிகிறவை ரத்தத்தில் பரவத் தோதானவை. ஒட்டுவது இல்லாமல் ஆரம்பமே இல்லை, ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஒட்டிய பிறகு உறையைத் தடிக்கவைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிற அந்தச் சிலதான்.